சிலோன் றேடியோ எப்போது பிறந்தது, அம்மம்மா சைக்கிள் மிதித்துக் கேட்டது எந்த றேடியோ?

தம்பி, நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இலங்கை வானொலி தொடங்கிய ஆண்டு என்று ஓரிடத்தில் 1925, இன்னோரிடத்தில் 1949, வேறோரிடத்தில் 1967 என்று போட்டிருக்கிறதே, எது சரி? ஆசியாவின் முதல் வானொலி என்கிறார்களே, அது உண்மையா? மூன்றாவது, வன்னியில் இருந்த உங்கள் அம்மம்மா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்துத்தான் றேடியோ கேட்டோம் என்கிறார், நம்பலாமா? எனக்கு விளங்கியபடி இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது: தமிழ்நாட்டுக்காரர் இன்றைக்கும் உருகி உருகிச் சொல்லும் அந்தச் சிலோன் றேடியோவும் உங்கள் அம்மம்மா கேட்டதும் ஒன்றுதானா? ஒன்றில்லை. ஒரே கட்டடத்திலிருந்து வந்தவைதான், ஆனாலும் ஒன்றில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் கிளிநொச்சியிலும், பிறகு இடம்பெயர்ந்து போன இடங்களிலும் முப்பது வருடத்துக்கு மேல் றேடியோ திருத்தியவன். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்குள் ஒருநாளும் வேலை செய்யவில்லை. அதனால் அலை எப்படி வந்தது, செற் அதை எப்படிப் பிடித்தது, சனம் எதைக் காத்திருந்து கேட்டது என்பதை என் கைப்பழக்கத்திலிருந்து சொல்வேன். உள்ளே நடந்த நிர்வாகக் கதைகளில் பதிவில் உள்ளதை மட்டும்தான் சொல்வேன்.

முதலில் ஆண்டுக் கணக்கு. எட்வேர்ட் ஹாப்பர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1921இல் தந்தித் திணைக்களத்துக்கு வந்தார். கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு இசைத்தட்டுகளைப் போட்டுப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பிப் பார்த்தார். அப்புறம் 1925 டிசம்பர் 16ஆம் திகதி, தேசாதிபதி ஹியூ கிளிபர்ட் தொடக்கிவைக்க, முறையான ஒலிபரப்பு ஆரம்பமானது. கொழும்பு வானொலி என்பது அதுதான், பிபிசி தொடங்கி மூன்றே வருடத்தில் வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மவுன்ட்பேட்டன் தலைமையில் இருந்த தென்கிழக்காசியப் படைப்பிரிவு தன் படையினருக்காக இங்கே ஒரு நிலையம் நடத்தியது. அதன் பெயர் றேடியோ சீயாக். ஜா-எலவுக்குப் பக்கத்தில் ஏக்கலவில் அதற்காக நிறுவிய 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பி, அதாவது அலையை வானில் அனுப்பும் இயந்திரம், போர் முடிந்த கையோடுதான் முழுமையாக வேலைக்கு வந்தது. படை போனது, பரப்பி நின்றது. 1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தபோதுதான் 'றேடியோ சிலோன்' என்ற பெயர் பிறக்கிறது. 1950 செப்டம்பர் 30இல் விளம்பரத்தோடு வரும் வர்த்தக சேவை. 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரச திணைக்களமாக இருந்தது கூட்டுத்தாபனமாகி, 1967 ஜனவரி 5இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று இயங்கத் தொடங்கியது. 1972இல் நாடு குடியரசானபோது ஆங்கிலப் பெயரில் 'சிலோன்' போய் 'ஸ்ரீ லங்கா' வந்தது, தமிழில் ஏற்கெனவே இலங்கை என்றுதான் சொல்லிவந்ததால் நமக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே உங்கள் மூன்று ஆண்டும் சரி. ஒலிபரப்புக்கு 1925, அந்தப் பெயருக்கு 1949, இன்றிருக்கும் சட்ட அமைப்புக்கு 1967. பாடசாலை ஒப்படைக்கு ஒன்றைத்தான் எழுதலாம் என்றால் 1925ஐ எழுதுங்கள், 2025 டிசம்பரில் நூறு ஆண்டு என்று கணக்கிட்டதும் அதிலிருந்துதான்.

ஆசியாவின் முதல் வானொலி என்பதை மட்டும் அப்படியே எழுதாதீர்கள். பம்பாயில் 1923இலேயே வானொலிக் கழகம் ஒலிபரப்பியிருக்கிறது. சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31இல் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. யப்பானில் தோக்கியோ நிலையம் 1925 மார்ச். இவை எல்லாமே கொழும்புக்கு முந்தியவை. உண்மை என்னவென்றால், இந்தியாவில் அப்போது நடத்தியவை பெரும்பாலும் தனியார் கழகங்கள், பணமில்லாமல் நின்றுபோனவையும் உண்டு. கொழும்பில் அரசு தானே தொடங்கி, அறுந்துபோகாமல் இன்றுவரை நடத்துகிறது. அந்தத் தொடர்ச்சியே போதுமான பெருமை, 'முதல்' என்ற பொய்யான கிரீடம் தேவையில்லை.

ஜெர்மன் நீர்மூழ்கிக் கதையையும் கேட்டிருப்பீர்கள். முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிச் சாமான்களைக் கொண்டுதான் ஹாப்பர் தன் முதல் பரப்பியைக் கட்டினார் என்பது கதை. இதை எல்லா வரலாறும் சொல்கிறது. ஆனால் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையாகத்தான் எனக்குப் படுகிறது. வேலை தெரிந்தவனாகச் சொன்னால் நடந்திருக்கக்கூடியதுதான், போர் முடிந்த அந்தக் காலத்தில் கழித்துவிட்ட படைச் சாமான்களிலிருந்து வால்வும் சுருளும் கழற்றிக் கட்டியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். ஒப்படையில் 'என்று சொல்லப்படுகிறது' என்று சேர்த்து எழுதுங்கள். திகதிகள் உறுதி, நீர்மூழ்கி செவிவழி.

சரி, தமிழ்நாட்டுக்காரர் உருகும் கதைக்கு வருகிறேன். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு இரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் குறைத்து, நிபந்தனைகள் போட, படத் தயாரிப்பாளர்களோடு பிணக்காகி, பாட்டு ஏறக்குறைய இல்லாமலே போனது. தடை போட்டார் என்று ஒரே சொல்லில் சொல்வது மிகை, ஆனால் கேட்பவனுக்கு விளைவு ஒன்றுதான். அந்த நேரத்தில் கொழும்பில் போர்க்காலப் பெரிய பரப்பி கையில் இருக்கிறது, வர்த்தக சேவையும் தொடங்கியாகிவிட்டது, கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் வந்த கிளிபர்ட் டொட் என்ற அவுஸ்திரேலியர் விளம்பரம் பிடிப்பதில் கெட்டிக்காரர். ஹிந்தியில் அமீன் சயானியின் பாட்டுவரிசை இந்தியா முழுவதையும் கொழும்புப் பக்கம் திருப்பியது. தமிழில் மயில்வாகனன் தொடங்கிவைக்க, பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று குரலாலேயே வாழ்ந்தவர்கள் வந்தார்கள். இந்தியா 1957இல் விவித் பாரதி என்ற பாட்டுச் சேவையைத் தொடங்கியது இதற்குப் பதிலாகத்தான், அதில் விளம்பரம் வர இன்னும் பத்து வருடம் ஆனது. இடையில் இருந்த அந்த இடைவெளிதான் சிலோன் றேடியோவின் பொற்காலம் என்று எல்லாரும் சொல்வது. அந்த அறிவிப்பாளர்களின் திறமையை நான் ஒரு சொட்டும் குறைக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு அவ்வளவு பெரிய திடல் கிடைத்ததற்கு ஒரு அமைச்சரின் பிடிவாதமும், ஒரு படை விட்டுவிட்டுப்போன பரப்பியும் காரணம்.

இனித்தான் நான் சொல்ல வந்தது. அந்தச் சிற்றலை எங்களுக்காக விட்டது இல்லை. சிற்றலை மேலே போய், வானில் உள்ள அயன மண்டலத்தில் பட்டுத் தெறித்துத் தூரத்தில் விழும். பரப்பிக்குப் பக்கத்தில் தரையோடு போகும் அலை கொஞ்சத் தூரத்தில் செத்துவிடும், தெறித்த அலை இன்னும் கீழே வந்திருக்காது, நடுவில் ஒரு வெறும் வளையம் இருக்கும். 25 மீற்றர் சிற்றலை வரிசையில் பகலில் அந்த வளையம் சில நூறு கிலோமீற்றர் வரும். கிளிநொச்சி ஏக்கலவிலிருந்து நேர்கோட்டில் 250 கிலோமீற்றர் சொச்சம், சரியாக அந்த வளையத்துக்குள். எங்கள் தலைக்கு மேலால் பறந்து மதுரையிலும் சென்னையிலும் போய் விழுந்தது. தஞ்சாவூர்த் தேநீர்க்கடையில் கணீரென்று கேட்ட குரல் பரந்தனில் இரைச்சலோடு வந்து வந்து போனதற்குக் காரணம் இதுதான், எங்கள் செற்றில் பிழை இல்லை. கடைக்குச் செற்றைத் தூக்கிக்கொண்டு வருகிற வயதானவர்களுக்கு இதை விளங்கப்படுத்த நான் ஒரு பந்தைச் சுவரில் அடித்துக் காட்டுவேன்.

நாங்கள் கேட்டது மத்திய அலையில் வந்த தமிழ்ச் சேவைகளை, அதிலும் தேசிய சேவையை. மத்திய அலை பகலில் தரையோடு வரும், ஆனால் காய்ந்த காட்டு நிலத்தில் மெலிந்துபோகும். ஈரம் உள்ள மண்ணில் கொஞ்சம் நன்றாகப் போகும், உப்புத் தண்ணீரில் மிக நன்றாகப் போகும். அதனால்தான் பாக்கு நீரிணையைத் தாண்டி வரும் திருச்சி வானொலி எங்களுக்குச் சில நேரம் கொழும்பை விடத் துலக்கமாகக் கேட்டது. கொழும்பு வேண்டும் என்றால் ஒரு வேலை செய்ய வேண்டும். ரான்சிஸ்டருக்குள்ளே பென்சில் மாதிரி ஒரு கறுத்தக் கோல் இருக்கும், அதுதான் மத்திய அலைக்கு ஏரியல். அதன் பக்கவாட்டில் வருகிற அலையைத்தான் அது நன்றாகப் பிடிக்கும், நுனிக்கு நேரே வருவதைப் பிடிக்காது. கொழும்பு எங்களுக்குத் தெற்கே. ஆகவே செற்றைக் கிழக்கு மேற்காக வைக்க வேண்டும். இந்தக் கணக்குத் தெரியாத கிழவிகளும் தங்கள் வீட்டில் றேடியோ எந்தத் தட்டில், எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். வீடு கூட்டும்போது யாராவது அதை அசைத்தால் பேச்சு விழும்.

எதற்காகக் கேட்டார்கள்? பாட்டுக்காகவும்தான். பொங்கும் பூம்புனலும் பிறந்தநாள் வாழ்த்தும் இங்கேயும் கேட்டது, சானா என்று எல்லாரும் அறிந்த சண்முகநாதனின் நாடகங்களுக்காக வேலையை நிறுத்திவிட்டு இருந்தவர்கள் உண்டு. ஆனால் வன்னியில் றேடியோவைக் கட்டாயமாகப் போடவைத்தது மரண அறிவித்தல். பக்கத்துக் கிராமத்துக்கே எட்டுப் பத்து மைல் காட்டுப்பாதை, தொலைபேசி தபால் கந்தோரில் மட்டும், தந்தி வந்து சேர ஒருநாள். செத்தவீட்டுக்கு ஆள் சேர வேண்டும் என்றால் வானொலியில் வாசித்தாக வேண்டும். 'இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கும், அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், என்று போகும், கடைசியில் உற்றார் உறவினர் நண்பர்கள் இந்த அறிவித்தலை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டு முடியும். பிறப்பிடம் வாசித்தவுடன் அடுப்படியில் இருக்கும் மனுசி கையில் அகப்பையோடு முற்றத்துக்கு வந்துவிடுவா. வன்னியில் குடியேறிய சனம் பாதி தீவுப்பகுதி, வடமராட்சி, தென்மராட்சி என்று வேறு வேறு ஊரில் வேர் உள்ளவர்கள், அதனால் எந்த ஊர் வாசித்தாலும் யாரோ ஒருவருக்கு அது சொந்த ஊர். ஒருமுறை என் மேசையில் திருத்தி முடித்து ஓடவிட்டிருந்த செற்றில்தான், அதை வாங்க வந்து நின்ற மனிதர் தன் தமையன் செத்ததைக் கேட்டார். காசை வைத்துவிட்டு செற்றை எடுக்காமல் பஸ்சுக்கு ஓடினார். எட்டாம் நாள் வந்துதான் எடுத்துப்போனார்.

அடுத்தது வயல். காலபோகத்தில், அதாவது மாரிகால நெற்செய்கையில், இரவு காவல் கொட்டிலில் பன்றிக்கும் யானைக்கும் விழித்திருக்க வேண்டும், அங்கே தூக்கணத்தில் ஒரு றேடியோ தொங்கும். காலநிலை அறிக்கை கேட்டு அருவி வெட்டுவதா (நெல் அறுப்பதா) பொறுப்பதா என்று முடிவெடுத்தார்கள். கமக்காரருக்கான நிகழ்ச்சிகளில் சொன்ன மருந்தின் பெயரைக் கொட்டில் வளையில் கரியால் எழுதி வைத்திருந்ததை நானே கண்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் யாரும் நினைவுகூராத சிலோன் றேடியோ இது. எந்தக் கட்டுரையிலும் இது வருவதில்லை என்பதால்தான் அம்மம்மா சொல்வது உங்களுக்குப் புதிதாக இருக்கிறது.

இடையில் ஒரு தகவல், உங்கள் ஒப்படைக்கு உதவும். கூட்டுத்தாபனமான காலத்தில் அதன் தலைவராக இருந்து மறுசீரமைத்தவர் நெவில் ஜயவீர. அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபர். 1970இல் ஆட்சி மாறியதும் அவரை வவுனியாவுக்கு அரசாங்க அதிபராக அனுப்பிவிட்டார்கள், 71 ஏப்ரல் ஜே.வி.பி. கிளர்ச்சி நடந்தபோது அவர் இங்கேதான் இருந்தார். முல்லைத்தீவும் அப்போது வவுனியா மாவட்டத்துக்குள். நாட்டின் வானொலியை நடத்தியவர், அந்த வானொலி மெலிதாக மட்டும் வந்துசேரும் இடத்தில் வந்து இருந்தார்.

83 இனக்கலவரத்துக்குப் பிறகு கதை மாறியது. பாட்டுக்கும் அறிவித்தலுக்கும் கொழும்பு, செய்திக்கு வேறு என்று சனம் பிரித்துக்கொண்டது. அரச வானொலி போர்க்காலத்தில் அரசின் குரலாகத்தான் பேசும், எந்த நாட்டிலும் அப்படித்தான், ஆனால் குண்டு விழுந்த ஊரில் இருந்துகொண்டு அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று கேட்பது வேறு அனுபவம். இரவானால் பிபிசி தமிழோசை. அந்தப் பெயரை வைத்த சோ. சிவபாதசுந்தரம் எங்கள் ஆள், இலங்கை வானொலியில் இருந்தவர். மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலி. 1990இலிருந்து புலிகளின் குரல். இத்தனைக்கும் நடுவில் கொழும்பையும் விடவில்லை, ஏனென்றால் மறுபக்கம் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும், அத்தோடு மரண அறிவித்தல் அங்கேதான். எல்லா நிலையத்தையும் கேட்டு, ஒன்றில் சொன்னதை மற்றதில் கழித்து, மிச்சத்தை நம்புவது என்று ஒரு பழக்கம் வந்தது. என் கடைக்கு முன்னால் இரவில் பத்துப் பதினைந்து பேர் நின்று அந்தக் கணக்கைத்தான் போடுவார்கள்.

நேரத்திலும் ஒரு சிக்கல் வந்தது. 1996இல் அரசு மணிக்கூட்டை முன்னே தள்ளியது, முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அரை மணித்தியாலமாகக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரம்தான். கொழும்பு வானொலி ஏழு மணி என்று சொல்லும், சுவரில் ஆறரை. 2006இல் அரசு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை பத்து வருடம் இப்படித்தான், எதைச் சொன்னாலும் 'புது நேரமா பழைய நேரமா' என்று கேட்டுக்கொள்வோம்.

இப்போது அம்மம்மாவின் சைக்கிள். முழு உண்மை, தம்பி. 1990இலிருந்து 2002 வரை அரசு எங்கள் பகுதிக்குப் போட்ட பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. கடத்தி வரும் ஒரு சோடிப் பற்றரிக்குக் கொடுக்கிற காசில் அரிசி வாங்கலாம் என்ற நிலை. செத்த பற்றரியை வெயிலில் காயவைத்தோம், ஆணியால் துளையிட்டு உப்புத்தண்ணீர் விட்டு மெழுகால் அடைத்தோம், அது ஒரு செய்தி கேட்கும் அளவுக்கு உயிர் தரும், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, இருக்கையும் கைபிடியும் நிலத்தில் பட நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றுவது. ஸ்டாண்ட் உயரமாக இருந்தால் கவிழ்க்காமல் ஏறி இருந்தே மிதிக்கலாம். சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற், ஆனால் தருவது ஆடலோட்டம் (ஏசி). அப்படியே றேடியோவுக்குக் கொடுத்தால் உறுமல் மட்டும்தான் வரும். பழுதான செற்களிலிருந்து நாலு டயோட் கழற்றிப் பாலமாகக் கட்டி, பெரிய கண்டென்சர் ஒன்று போட்டால் நேரோட்டமாகும் (டிசி). சுற்று குறைந்தால் குரல் ஒரு முனகலாக இறங்கும், செய்தி வாசிப்பவர் நித்திரை தூங்குவது மாதிரி. அதனால் வீட்டில் பிள்ளைகள் முறை வைத்துச் சுற்றினார்கள்.

ஆபத்து வேகமாகச் சுற்றும்போதுதான். டைனமோவில் பாரம் குறைவாக இருந்தால் வோல்ற்றளவு இருபதுக்கு மேல் ஏறிவிடும், றேடியோ இழுப்பதோ மிகக் கொஞ்சம். ஆர்வத்தில் ஒரு பெடியன் ஓங்கிச் சுற்ற, ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் வெளியீட்டு ஐசி கருகி என்னிடம் வந்த செற்கள் எண்ணிக்கையில்லாதவை, மாற்றிப்போட ஐசியும் இல்லாத காலம். அதற்கு நான் கண்ட வழி மிகச் சுலபம்: சைக்கிளின் முன் வெளிச்சப் பல்பைக் கழற்றாமல் அப்படியே இணைப்பில் விடுவது. பல்ப் பாரத்தை இழுத்து வோல்ற்றை அடக்கிவைக்கும், பெடல் கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான். அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், றேடியோ பாடும்போது சைக்கிள் லைற்றும் எரிந்ததா என்று. எரிந்தது என்றால், அதைக் கட்டிக் கொடுத்தவர் வேலை தெரிந்தவர்.